சாதாரணத் திறமையுள்ள ஒருவர்

காப்புரிமைச் சட்டத்துக்குள் ஒரு மனிதர் குடியிருக்கிறார். அவருக்குப் பெயர் கிடையாது, வயது கிடையாது, பசி தூக்கம் கிடையாது. ‘அத்துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒருவர்’ என்று மட்டும் சட்டம் அவரைக் குறிப்பிடும். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன் என்று யாராவது வந்து நின்றால், காப்புரிமை அலுவலகம் அந்த மனிதரை மனக்கண்ணில் வரவழைத்து, ‘இது உமக்கே தோன்றியிருக்குமா?’ என்று கேட்க வேண்டும். தோன்றியிருக்கும் என்றால் அது கண்டுபிடிப்பு அல்ல, தள்ளுபடி. தோன்றியிருக்காது என்றால் இருபது வருடத்துக்கு உரிமை.

இந்த ஏற்பாட்டில் ஒரு சங்கடம் இருந்தது. விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் ஒவ்வொரு தேர்வாளரும் ஒவ்வொரு மாதிரியான ஆளை மனதில் வைத்திருந்தார்கள். முதல் மாடித் தேர்வாளருடைய ஆள் படு சூட்டிகை. எதைக் காட்டினாலும் ‘இது என்ன பிரமாதம்’ என்பான். மூன்றாம் மாடித் தேர்வாளருடைய ஆளுக்கு ஆணி அடிக்கவே தெரியாது. அதனால் விண்ணப்பதாரர்கள் எல்லாரும் மூன்றாம் மாடிக்கே போனார்கள். அந்தப் பக்கத்துப் படிக்கட்டு மட்டும் தேய்ந்து குழி விழுந்தது. அலுவலகத்தின் தலைவராகப் புதிதாக வந்த கட்டுப்பாட்டாளர் படிக்கட்டைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

“இல்லாத ஆளை வெச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு நிர்வாகம் பண்றது? ஒருத்தரை நியமிச்சிடுவோம்,” என்றார்.

விளம்பரம் வந்தது: ‘சாதாரணத் திறமையுள்ள ஒருவர் தேவை. அதற்கு மேல் திறமை உள்ளவர்கள் விண்ணப்பித்துத் தங்கள் நேரத்தையும் எங்கள் நேரத்தையும் வீணாக்க வேண்டாம்.’

இதை முதலில் பார்த்தது, பின்னால் அந்த வேலைக்குப் போனவருடைய மனைவிதான். அவர் இருபத்திரண்டு வருடம் ரப்பர் ஆலையில் குழாய்களுக்கு வாஷர் வார்த்தவர். ஆலை மூடி எட்டு மாதமாகியிருந்தது. மனைவி ஆஸ்பத்திரியில் முதியோர் வார்டில் புண்களுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்குன்னே அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்குங்க.”

“கிண்டலா?”

“பாதிக் கிண்டல். போய்த்தான் பாருங்களேன்.”

நேர்காணலில் கட்டுப்பாட்டாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இருபத்திரண்டு வருஷத்துல அந்த மெஷின்ல இதை இப்படி மாத்தினா நல்லாயிருக்கும்னு எப்பவாவது தோணியிருக்கா?”

“ஒரு தடவை தோணிச்சு சார்.”

“என்ன பண்ணீங்க?”

“ஃபோர்மன்கிட்ட சொன்னேன். போய் வேலையைப் பாருன்னார். பார்த்தேன்.”

கட்டுப்பாட்டாளர் பக்கத்திலிருந்த தேர்வாளரைப் பார்த்தார். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டார். ஆள் கிடைத்துவிட்டார்.

அன்றிலிருந்து அவருக்குச் ‘சாதாரணர்’ என்று பெயர். கதவில் பலகை மாட்டினார்கள். ஒரு மேஜை, ஒரு நாற்காலி. தெருவைப் பார்த்த ஜன்னலை மட்டும் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். தெருவைப் பார்த்தால் யோசனை வருமாம். துறையில் அதுவரை வெளியான எல்லாவற்றையும் சாதாரணர் படித்திருக்க வேண்டும், ஆனால் எதையும் சொந்தமாக நினைத்திருக்கக் கூடாது என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. ஆகவே காலையில் படித்தார். மாலையில் ‘எண்ணப் பதிவேடு’ என்ற நீளமான நோட்டில் ‘இன்று ஒன்றும் தோன்றவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முதல் மாதம் ரப்பர் மட்டும்தான். இரண்டாவது மாதம் ஒரு ஆணை வந்தது. அதன்படி அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணி முதல் அவர் கண்ணாடி, பீங்கான், உலோகக் கலவை, மின்கலம், செயற்கை நூல், சிமெண்ட், பூச்சுப் பொருள்கள் உட்பட நானூற்றுப் பன்னிரண்டு துறைகளில் சாதாரணத் திறமை உள்ளவரானார்.

“சார், எனக்கு வாஷரைத் தவிர ஒண்ணுமே தெரியாதே,” என்று போய் நின்றார்.

“அதுக்குத்தானே உங்களைப் போட்டிருக்கு,” என்றார் கட்டுப்பாட்டாளர். “நிபுணன்தான் துறைக்குத் துறை மாறுவான். சாதாரணம் எங்கேயும் சாதாரணம்தான்.”

சூடு காட்டினால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் கம்பி வந்தது. வெயில் பட்டால் கறுக்கும் கண்ணாடி வந்தது. விரிசல் விட்டால் தானே மூடிக்கொள்ளும் சிமெண்ட் வந்தது. அவர் எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எனக்குத் தோணாது சார்,” என்பார். கம்பிக்காரர் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது.

எல்லாமே அப்படி நல்லபடியாக முடிந்துவிடாது. அவருடைய மேஜைக்கு ஒரு கால் குட்டை. ஒருநாள் பழைய செய்தித்தாளை நாலாக மடித்து அதற்கு அடியில் செருகினார். கதவோரமாகப் போன தேர்வாளர் நின்றார், குனிந்தார், தாளை உருவி உறையிலிட்டு முத்திரை வைத்தார். அன்று மாலையே ‘சமமற்ற தளவாடங்களுக்கான பல்லடுக்கு நார்ப்பொருள் தாங்கி’ என்ற விண்ணப்பம் தள்ளுபடியானது. அதற்காக ஒருவர் நாலு வருடம் உழைத்திருந்தார். அந்த நாலு வருடத்துக்காரர் பஸ் நிறுத்தத்தில் சாதாரணரை மடக்கினார்.

“உனக்கே தோணிச்சாமே?”

“மேஜை ஆடிச்சுங்க.”

“உன் மூஞ்சிக்கெல்லாம் தோணுமாய்யா?”

“ஆபீஸ் நேரத்துல தோணிடுச்சு. மன்னிச்சுக்குங்க.”

அதற்குப் பிறகு ஆறு வருடமும் அந்த மேஜை ஆடிக்கொண்டே இருந்தது. அவர் இடது முழங்கையை ஊன்றிக்கொண்டு எழுதப் பழகிவிட்டார்.

அந்த ஆறு வருடத்தில்தான் வீட்டுச் சமையலறையில் அவருடைய மனைவி ஒரு பசையைக் கண்டுபிடித்தாள்.

வயதானவர்களின் தோல் ஈரத்தாள் மாதிரி. கட்டை மாற்றப் பிளாஸ்திரியை உரித்தால் தோலும் கூடவே வந்துவிடும். பழைய புண் ஆறுவதற்குள் புதுப் புண். “இன்னிக்கும் ஒரு பாட்டிக்கு வந்துடுச்சுங்க. கத்தக்கூட இல்ல. என்னைப் பார்த்துச் சிரிக்குது,” என்று ஒருநாள் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனாள். அடுத்த ஞாயிறு ரப்பர் பால், மெழுகு, மரப்பிசின் எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் போட்டுக் கிண்ட ஆரம்பித்தாள். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் அப்படிப் போயின. கடைசியில் வந்த பசை உடம்புச் சூட்டில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. குளிர்ந்த ஈரத்துணியை வைத்து ஒரு நிமிடம் பொறுத்தால் தானாகக் கையை விட்டது. ஒரு முடிகூட அதோடு வரவில்லை.

விண்ணப்பத்தை அவளே எழுதினாள். உரிமைக் கோரிக்கை என்பது ஒரே வாக்கியமாக, கடைசியில் ஒரே முற்றுப்புள்ளியோடு இருக்க வேண்டும் என்பது விதி. படித்த என்ஜினியர்களே இதில் மூச்சுத் திணறுவார்கள். அவள் இரண்டே கால் பக்கத்துக்கு ‘கலந்து, கிளறி, வடித்து, ஆறவிட்டு’ என்று நிறுத்தாமல் போய்ப் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாள்.

“அரசிதழ்ல பேர் போடுவாங்கல்ல?”

“போடுவாங்க.”

“முழுப் பேரா?”

“முழுப் பேர்தான்.”

வார்டில் யாருக்கும் அவளுடைய பெயர் தெரியாது. டாக்டரிலிருந்து துப்புரவுக்காரர் வரை அவளைக் ‘கட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டு வந்தாச்சா, கட்டை வரச் சொல்லு, கட்டு இன்னிக்கு லீவா. பத்தொன்பது வருடம். “பேர் வந்ததும் அந்தப் பக்கத்தை வெட்டி வார்டுக் கதவுல ஒட்டிடுவேன். என் பசையாலேயே ஒட்டுவேன்,” என்று சொன்னாள்.

விண்ணப்பம் கொடுத்த ஐந்தாவது மாதம் காய்ச்சல் என்று படுத்தாள். நாலாம் நாள் அவள் இல்லை.

அலுவலகத்தின் வரிசை அவளுக்காகக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதற்கடுத்த பதினோராவது மாதம் ஒரு திங்கட்கிழமை, ஆடும் மேஜையின் மேல் அவளுடைய கையெழுத்து வந்து உட்கார்ந்தது.

சாதாரணர் அன்றைக்கே ராஜினாமாக் கடிதம் எழுதினார். மனைவியின் விண்ணப்பத்துக்கு அவரே எப்படித் தீர்ப்புச் சொல்வது? மூன்றாம் நாள் பதில் வந்தது. ‘சாதாரண மனிதர் எவரும் நிரந்தர அரசு வேலையை விட நினைக்க மாட்டார். ஆகவே மேற்படி கடிதத்தில் உள்ள எண்ணம் சாதாரணத் திறமைக்கு அப்பாற்பட்டது. அத்தகைய எண்ணம் உடையவர் சாதாரணராக இருக்க முடியாது. ஆகவே இது சாதாரணரின் ராஜினாமா அல்ல. கடிதம் எழுதியவர் யார் என்று விசாரிக்கப்படுகிறது.’

பதிலை எழுதியவர் அலுவலகத்தில் வெகுநாளாக இருக்கும் தேர்வாளர். பேச்சிலும் எழுத்திலும் மேற்படி இல்லாமல் அவருக்கு ஒன்றும் ஓடாது. அலுவலகம் முழுக்க அவரை மேற்படியார் என்றுதான் அழைக்கும்.

விசாரணை நாளன்று மகள் வந்தாள். தாயின் வாரிசாக விண்ணப்பம் இப்போது அவள் பெயரில் நடந்தது. தையல் மெஷின் கம்பெனியில் பழுதுபார்ப்பவள். எதையும் பிரித்துப் பார்க்காமல் நம்ப மாட்டாள். கட்டுப்பாட்டாளர் நடுவில் உட்கார்ந்தார். பக்கத்தில் மேற்படியார். ஓரத்தில் தட்டச்சர். சாதாரணரைச் சுவரோரம் நிற்க வைத்திருந்தார்கள், அளவுகோலை நிறுத்தி வைப்பது போல.

“மேற்படி பசை உங்களுக்குத் தோணியிருக்குமா?” என்று மேற்படியார் கேட்டார்.

“தோணியிருக்காது சார். ஏழு ஜென்மம் எடுத்தாலும் எனக்குத் தோணாது.”

“நல்லது. மேற்படி மனைவி மேற்படி பசையைப் பத்தி மேற்படி கணவர்கிட்ட எப்பவாவது பேசினாங்களா?”

“அவர்கிட்ட பேசாம பக்கத்து வீட்டுக்காரர்கிட்டயா பேசுவாங்க?” என்றாள் மகள்.

கட்டுப்பாட்டாளர் வருத்தத்தோடு பேனாவைக் கீழே வைத்தார். “சிக்கல் அங்கதாம்மா. விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடியே துறையில இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா அது வெளியிட்டதாயிடும். அப்புறம் உரிமை கிடையாது. உங்கப்பா யாரு?”

“வாஷர் போட்டவர்.”

“அது அப்போ. இப்போ உங்கப்பாதான் துறை. எல்லாத் துறையும் அவர்தான். உங்கம்மா அடுப்பங்கரையில நின்னு அவர்கிட்ட சொன்னது, மைதானத்துல மேடை போட்டு ஒலிபெருக்கியில சொன்னதுக்குச் சமம்.”

“அவங்க புருஷன்கிட்ட சொன்னாங்க சார்.”

“அளவுகோலுக்கு ஏதும்மா பெண்டாட்டி?”

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பசை நல்லா வேலை செய்யுது சார். வேணும்னா இங்கேயே ஒட்டிக் காட்டறேன்.”

“வேலை செய்யறதைப் பத்தி இங்க யாரும் கேக்கலையே,” என்றார் கட்டுப்பாட்டாளர் கனிவாக. “நூறு விண்ணப்பம் வந்தா தொண்ணூறைத் தள்றோம். அந்தத் தொண்ணூறும் பிரமாதமா வேலை செய்யுது. பாஸான பத்துல பாதி ஓடவே ஓடாது. ஆனா எல்லாம் புதுசு. நான் ஏழு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன், இங்க வந்த ஒரு பொருளையும் வீட்டுக்குள்ள விட்டது கிடையாது. நடுநிலைன்னா என்னன்னு நினைச்சீங்க? என் சம்சாரம் இன்னும் அம்மியிலதான் அரைக்கறா. நீங்க கேட்டுப் பாருங்க, அவளே சொல்லுவா. இப்ப எல்லாம் என்கிட்ட பேசறதில்ல, உங்ககிட்ட சொல்லுவா.”

அதையும் தட்டச்சர் பதிவு செய்துகொண்டிருந்தார்.

“ஒரே ஒரு வழி இருக்கு,” என்றார் மேற்படியார். “சொன்னா மட்டும் வெளியீடு ஆயிடாது. மேற்படி ஆள் அதைக் காதுல வாங்கியிருக்கணும். வாங்கலைன்னு நிரூபிச்சா—”

“வாங்கலை,” என்று மகள் பாய்ந்தாள். “அப்பா எதையும் காதுல வாங்கமாட்டார் சார். அம்மா மணிக்கணக்கா பேசுவாங்க. இவர் உம் கொட்டுவார். அவ்வளவுதான்.”

தட்டச்சர் கையை எடுத்தார். “என்ன கொட்டுவார்?”

“உம்.”

“மேற்படி உம்முக்கு அர்த்தம் என்ன?” என்றார் மேற்படியார். விசாரணை மூன்று வாரம் ஒத்திவைக்கப்பட்டது. உம் பற்றி ஆராய ஒரு துணைக்குழு உட்கார்ந்தது.

துணைக்குழு சாதாரணரை ஒரு அறைக்குக் கூட்டிப்போய்ப் பன்னிரண்டு முறை உம் சொல்ல வைத்துப் பதிவு செய்தது. மகள் அவற்றைக் கேட்டு, ஐந்தாவதும் ஒன்பதாவதும்தான் வீட்டு உம் என்று அடையாளம் காட்டினாள். பிறகு சோதனை. மேற்படியார் அவருக்கு எதிரில் உட்கார்ந்து சிமெண்ட் விதிகளை வாசித்தார். அவர் உம் கொட்டினார். வாசிப்பு அதே குரலில், “பிரிவு பதினாலு, நீரின் அளவு, உங்க நாற்காலியை நாளைக்கு எடுத்துடப் போறோம், கூரை பத்தி எரியுது, பிரிவு பதினஞ்சு,” என்று போனது.

நாற்காலி அவர் காதில் விழுந்தது. கூரையும் விழுந்தது.

“உம்,” என்றார்.

துணைக்குழு ஒருமனதாக அறிக்கை கொடுத்தது: ‘மேற்படி உம் ஒப்புதல் அல்ல, மறுப்பும் அல்ல, புரிந்ததற்கான அடையாளமும் அல்ல. பேசுபவர் மூச்சு வாங்குவதற்காக விடப்படும் இடைவெளியை நிரப்பும் ஒலி மட்டுமே.’

அதன் கீழே அவர் உறுதிமொழி எழுத வேண்டியிருந்தது. ‘முப்பத்தொரு வருட மணவாழ்வில் என் மனைவி கூறிய எதையும் நான் காதில் வாங்கியதில்லை.’ முழங்கையை ஊன்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கையெழுத்து நன்றாகவே வந்தது.

நடைபாதையில் மகள் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள். “நல்லவேளைப்பா. நீங்க அம்மாவைக் கண்டுக்காம இருந்தது கடைசியில ஒண்ணுக்கு உதவிச்சு.”

அவள் குத்திக் காட்டவில்லை. அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். சிரித்த பாட்டிக்கு எந்தக் காதில் தோடு இல்லை, முதல் பாத்திரம் கருகியது எந்த மாதம், மெழுகை மாற்றலாம் என்று மனைவிக்குத் தோன்றியபோது கையில் என்ன இருந்தது என்று அவரால் வரிசையாகச் சொல்ல முடியும். வாயைத் திறக்கலாம் என்றால் நடைபாதையில் நாலு அறைக் கதவுகள் திறந்திருந்தன. “ஆமாம்மா,” என்றார்.

இத்தோடு முடியவில்லை. சட்டத்தின் கடைசிப் படி ஒன்று பாக்கி இருந்தது. விண்ணப்பத்தில் எழுதியிருப்பதை மட்டும் படித்து, சாதாரணத் திறமையுள்ள ஒருவர் அந்தப் பொருளைச் செய்து காட்ட வேண்டும். முடியவில்லை என்றால் விவரம் போதாது, தள்ளுபடி.

“முன்னாடியே தெரிஞ்சிருந்தா தள்ளுபடி, இப்ப தெரியலைன்னாலும் தள்ளுபடியா?” என்றாள் மகள்.

“இப்பத்தாம்மா நீங்க சட்டத்தைப் புரிஞ்சுக்க ஆரம்பிச்சிருக்கீங்க,” என்றார் கட்டுப்பாட்டாளர்.

அலுவலகத்தின் செய்முறைக் கூடத்தில் அடுப்பை வைத்தார்கள். பாத்திரம், ரப்பர் பால், மெழுகு, பிசின் எல்லாம் எழுதிய அளவில் வந்தன. சாதாரணர் ஒவ்வொரு வரியாகப் படித்துச் செய்தார். தெரியாதவர் போல வரிகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். ஏழாவது வரியில் மேற்படியார் கையை உயர்த்தினார்.

“நிறுத்துங்க. ‘பாத்திரத்தின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து, கை பொறுக்கும் சூட்டில் இறக்கவும்.’ யார் கை?”

“தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்துடலாமே,” என்றாள் மகள்.

“விண்ணப்பத்துல மேற்படி தெர்மாமீட்டர் இல்ல. புதுசா எதையும் சேர்க்கக் கூடாது.”

கட்டுப்பாட்டாளர் சற்று யோசித்தார். யோசனை அவருக்குத் தடை செய்யப்படவில்லை. “சட்டப்படி இது யார் கையுமில்லாத கை. அப்படின்னா சாதாரணத் திறமையுள்ள கை. அப்படின்னா இவர் கை.”

சாதாரணர் வலது உள்ளங்கையைப் பாத்திரத்தில் வைத்தார். அடுப்பு எரிந்தது.

அந்தக் கை இருபத்திரண்டு வருடம் அச்சிலிருந்து சுடச்சுட வாஷர் எடுத்த கை. வீட்டில் கொதிக்கும் பாத்திரத்தைத் துணியில்லாமல் தூக்கி வைக்கும். மகள் குழந்தையாக இருந்தபோது அதைப் பார்க்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வருவாள். அந்தக் கை பொறுக்காத சூட்டில் இறக்கினால் பசை பசையாக இருக்காது, கருகிப்போன வாஷராக இருக்கும். அவருடைய மனைவியின் கை வேறு. நாள் முழுக்க மருந்துத் தண்ணீரில் நனைந்து மெலிந்த உள்ளங்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாத்திரத்தின் ஒரு பக்கம் அவள் கையை வைப்பாள், எதிர்ப்பக்கம் அவரை வைக்கச் சொல்வாள். “சுடுது, இறக்குங்க,” என்பாள். “இதுவா சூடு?” என்பார் அவர். “உங்களுக்கு இருக்கறது கையா, செருப்பா? இறக்குங்கன்னா.” எழுதும்போது அது தன்னுடைய கை என்று குறிப்பிட வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. வேறு யாருடைய கை அங்கே இருந்தது?

சூடு ஏறியது. எந்த இடத்தில் அவள் குரல் வரும் என்று அவருடைய உள்ளங்கைக்குத் தெரியும். அங்கே எடுத்தால், எழுதாத ஒன்று அவருக்குத் தெரியும் என்று ஆகிவிடும். எடுக்காவிட்டால் ஏழாவது வரி பொய்யாகிவிடும். மேற்படியார் பென்சிலோடு குனிந்திருந்தார். கட்டுப்பாட்டாளர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

“அய்யோ, சுடுது,” என்று கையை இழுத்து உதறிக்கொண்டு பாத்திரத்தை இறக்கினார். ஊதினார். கண்ணில் நீர்கூட வந்தது.

மகளுடைய வாய் திறந்தது. அவள் அப்பாவின் கையைப் பார்த்தாள், பாத்திரத்தைப் பார்த்தாள், திரும்ப அப்பாவைப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு, தட்டச்சர் அருகில் இருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

“மேற்படி கை மிகவும் மிருதுவானது,” என்று மேற்படியார் சொல்லிக்கொண்டே எழுதினார்.

ஆறிய பசையைத் துணியில் தடவி அவருடைய முன்னங்கையில் ஒட்டினார்கள். மறுநாள் குளிர்ந்த ஈரத்துணி வைத்தார்கள். ஒரு நிமிடத்தில் அது தானாக விழுந்தது. முடிகளை மேற்படியார் எண்ணிப் பார்த்தார், எல்லாம் இருந்தன.

உரிமை வழங்கப்பட்டது. அரசிதழில் முழுப் பெயர் வந்தது. கீழே பொடி எழுத்தில் இரண்டு நிபந்தனைகள். ‘மேற்படி கணவர் மேற்படி மனைவி கூறிய ஏதேனும் ஒன்றை நினைவில் வைத்திருந்ததாக இருபது வருடங்களுக்குள் தெரியவந்தால் இவ்வுரிமை ரத்தாகும். கை பொறுக்கும் சூடு என்பது சாதாரணரின் வலது கை பொறுக்கும் சூட்டையே குறிக்கும்.’ மகள் சத்தமாகப் படித்தாள். இரண்டாவதற்கு வரும்போது குரலை இறக்கிக்கொண்டாள். அன்றிலிருந்து வீட்டில் இருவரும் அம்மாவைப் பற்றிப் பேசுவதில்லை. மகள் சில சமயம் ஏதோ கேட்க வந்து, வந்த வழியே திரும்பிவிடுவாள்.

அந்தப் பக்கத்தை வார்டுக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். ‘கட்டு இவ்வளவு பெரிய பேர் வெச்சிருந்துச்சா’ என்று துப்புரவுக்காரர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

செவ்வாய்க்கிழமைகளில் ஆஸ்பத்திரியில் பசை காய்ச்சுகிறார்கள். சட்டப்படியான கை வேறு எங்கும் கிடைக்காது என்பதால் சாதாரணரை வண்டி வைத்துக் கூட்டிப்போகிறார்கள். மேற்படியார் நோட்டோடு கூடவே போகிறார். இருபது வருடமும் போவார். அவருக்கு ஓய்வு வயதானால் வேறொரு மேற்படியார் போவார்.

மூன்றாவது செவ்வாயன்று மகளும் வந்தாள். கம்பெனியில் லீவு சொல்லியிருந்தாள். சாதாரணர் பாத்திரத்தின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அவர் கைக்கு அது வெறும் இளஞ்சூடு. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். உதடு லேசாக அசைந்தது.

“சுடுது,” என்று கையை எடுத்தார்.

நர்ஸ் அடுப்பை அணைத்துவிட்டு ஈரத்துணியோடு ஓடி வந்தாள். “பாவம் இவரு. ஒவ்வொரு வாரமும் இப்படிச் சுட்டுக்கறாரே.”

“ரொம்பச் சுடுதாப்பா?” என்று மகள் கேட்டாள்.

“ரொம்பம்மா.”

அவள் தலையசைத்தாள். அடுப்படிக்குப் போய், பாத்திரத்தில் அவர் கை வைத்திருந்த இடத்தில் தன்னுடைய உள்ளங்கையை விரித்து வைத்தாள். அந்தச் சூடு முழுதாக ஏறும்வரை நின்றாள். முகம் சுளித்தது.

மேற்படியார் நோட்டிலிருந்து நிமிர்ந்தார். “மேற்படி கை கணக்குல வராதும்மா.”

“தெரியும் சார்,” என்றாள். கையை எடுக்கவில்லை.